வென்லாக் துரையின் அடக்கம்

ஜோசையா வென்லாக் துரையை இருநூற்று எண்பத்திரண்டு தடவை அடக்கம் செய்தார்கள். முதல் தடவை 1784 மார்ச்சில், பாதிரியாரும் பாட்டும் கறுப்பு உடுப்புமாக முறைப்படி நடந்தது. அடுத்த பௌர்ணமிக்குக் கடல் ஓதம் ஆற்றில் ஏறி வந்தபோது சவப்பெட்டி மண்ணை விலக்கிக்கொண்டு எழுந்து, மிதந்து போய், நெல்வயலின் பெரிய மதகில் முட்டி நின்றது. மதகைக் காத்த மிங்கோ அதைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டுப் பெரிய வீட்டில் போய்ச் சொன்னான். மறுபடி புதைத்தார்கள். அமாவாசைக்கு மறுபடி வந்தார். மேலே மூன்று ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தார்கள், கல்லோடு மிதந்து வந்தார்.

கல்லறை வயலின் கரைக்குள்ளேயே இருந்தது. மதகைத் திறந்தால் நெல்லுக்குப் பாயும் தண்ணீர்தான் கல்லறைக்கும் பாயும். மேட்டில் கொண்டுபோய்ப் புதைக்கலாமென்றால், தகப்பனார் பக்கத்தில்தான் படுப்பேன் என்று துரை உயிலில் எழுதிவைத்திருந்தார். அதே உயிலில் இன்னொன்றும் இருந்தது. தன் உடல் முப்பது நாள் மண்ணில் கிடந்த பிறகுதான் சொத்தைப் பிரிக்க வேண்டும். பிள்ளைகள் துக்கத்துக்குள்ளேயே அடித்துக்கொள்ளக் கூடாதென்று அவர் செய்த ஏற்பாடு அது.

சொத்து என்றால் நிலம், மாடு, நாங்கள். அடிமைகளின் குடிசை வரிசையான லயத்திலிருந்த அறுபத்துநான்கு பேரை யார் யாருக்கு என்று உயிலில் பங்கு போட்டிருந்தது. வாசித்தபோது சமையற்காரி சூக்கி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மிங்கோ, துரையின் மகன் ஆம்ப்ரோஸுக்கு. மிங்கோவின் ஐந்து வயது மகள் பைனா, தூரத்து ஜார்ஜியாவில் இருக்கிற துரையின் மருமகனுக்கு. காய்ச்சலில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மிங்கோவுக்கு அந்தக் குழந்தையைத் தவிர யாரும் இல்லை.

அன்றிலிருந்து லயத்தில் எல்லோரும் துரை அடங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அவர் செத்தால் தேவலை என்று வேண்டியவர்களும் இதே ஆட்கள்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டி வந்து முட்டும்போது பெண்கள் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு மதகடிக்கு ஓடினார்கள்.

"வாங்க தொரை! மெத்தை குத்துதா?"

"அடியே, மெதுவா பேசு. மனுசன் கோவிச்சுக்கிட்டு உள்ளயே படுத்துக்கப் போறாரு."

மிங்கோ மட்டும் சிரிக்க மாட்டான். அவன் முதுகு முழுக்கத் துரையின் சாட்டை இருந்தது. ஆனாலும் தன் கையாலேயே பெட்டியில் ஒட்டிய பாசியை வழித்து, கயிறு அறுக்காமல் பார்த்துக் கட்டுவான். பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. பைனா வளர்ந்தாள், நாற்று நட்டாள், அப்பனோடு சண்டை போட்டாள்.

பன்னிரண்டாம் வருஷம் ஆம்ப்ரோஸ் துரைக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு போக நெல் போனால் போகட்டும் என்று மதகை அடைக்கச் சொன்னார். மிங்கோவே அடைத்தான். கண்காணி துப்பாக்கியோடு மதகின் மேல் உட்கார்ந்துகொண்டார். அமாவாசை போயிற்று, பெட்டி வரவில்லை. பயிர் மஞ்சளாகி நின்றது. பௌர்ணமியும் போயிற்று. இருபத்தொன்பதாம் நாள் ஜார்ஜியாவிலிருந்து படகு வந்து கரையில் நின்றது.

அன்றைக்கு உச்சி வெயிலில் மிங்கோ வேலையைப் போட்டுவிட்டுக் கல்லறைக்கு நடந்தான். வெடித்துக் கிடந்த மண்ணின் மேல் குனிந்து கூப்பிட்டான். உயிரோடிருந்த காலத்தில் எங்களைத் தினமும் எழுப்பத் துரை சொன்ன அதே வார்த்தைகள்.

"எந்திரி. வெளிச்சம் வந்து எவ்வளவு நேரமாச்சு? ஒடம்பு சரியில்லன்னு சாக்கு சொல்லாத. செத்தவனத் தவிர எல்லாரும் எந்திரிக்கணும். எந்திரின்னா எந்திரி!"

மண் விரிந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத நிலத்திலிருந்து பெட்டி மேலே வந்து அவன் காலடியில் நின்றது. லயமே கத்தியது. பைனா அப்பனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் சனத்துக்கு அந்த ஆற்றங்கரையில் அவ்வளவு சந்தோஷமான அரை மணி நேரம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

ஆம்ப்ரோஸ் துரை வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு பங்கு பிரிக்க உயிலோடு வந்திருந்த வக்கீலைப் பார்த்துச் சொன்னார்: "கூப்பிட்டா எந்திரிச்சு வர்றாருன்னா அப்பா சாகல. சாகலன்னா உயிலுக்கு வேலை இல்ல. உயிரோட இருக்கிறவரு தன் பொருளத் தானே குடுக்கலாம்ல?"

வக்கீல் யோசித்து, சட்டத்தில் அதற்குத் தடையில்லை என்றார். பெட்டியைச் சாப்பாட்டு அறைக்குத் தூக்கிப்போய் மேசையின் தலைப்பக்கம் வைத்தார்கள். பைனாவை மருமகனுக்குக் கொடுப்பதில் ஆட்சேபம் உண்டா என்று வக்கீல் பெட்டியைப் பார்த்து மூன்று தடவை கேட்டார்.

மிங்கோ கதவருகே நின்றிருந்தான். "தொரை, ஒரு வார்த்த சொல்லுங்க. நான் கூப்ட்டதுக்கு வந்தீங்கல்ல? வேணாம்னு ஒரே ஒரு வார்த்த. இத்தன வருசம் ஒங்களக் கட்டி இழுத்தவன் கேக்குறேன்."

பெட்டி பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று எழுதி முத்திரை வைத்தார்கள்.

படகில் ஏறும்போது பைனா திரும்பி, "அப்பா, கூப்பிடாத. நீ கூப்ட்டா நான் தண்ணில குதிச்சிருவேன்" என்றாள். அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

துரை அதற்குப் பிறகு மண்ணுக்குப் போகவில்லை, சாப்பாட்டு அறையிலேயே இருந்தார். உயிரோடிருப்பவர் என்று வரிப் பட்டியலிலும் வாக்காளர் பட்டியலிலும் அவர் பெயர் ஏறியது. எல்லாத் தேர்தலிலும் வாக்குப் போட்டார், ஆம்ப்ரோஸ் துரை பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டு எழுதுவார். எங்களில் யாருக்கும் அந்தப் பாத்தியதை இல்லை. மிங்கோ மதகிலேயே இருந்தான். ஆற்றில் போகிற படகையெல்லாம் நிறுத்தி, இடது புருவத்தில் வெட்டுத் தழும்புள்ள ஒரு பெண்ணைக் கண்டீர்களா என்று ஒன்பது வருஷம் கேட்டான். யாரும் கண்டதில்லை.

அவன் செத்ததும் லயத்துக்குப் பின்னால் புதைத்தோம். பௌர்ணமி அன்று ஓதம் ஏறும் நேரத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் கரையில் போய் நின்றோம். "மிங்கோ, வாப்பா" என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தோம். தண்ணீர் ஏறி, நின்று, இறங்கியது. அவன் வரவில்லை. பெரிய வீட்டில் துரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. சூக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுக்கப் போனாள்.