லாயத்துக்கு வந்த போக்கிரி

ஜனவரி மாதத்தில் குதிரைக்குட்டியைப் பார்த்து ஏமாறாதவர்கள் ஐஸ்லாந்தில் குறைவு. ரோமம் அவ்வளவு அடர்த்தி. டிராக்டரில் உட்கார்ந்தபடி பார்த்தால் குட்டி ஸ்கீமா கொழுகொழுவென்றுதான் தெரிந்தாள். பண்ணைக்காரி ஸ்டெய்னாவும் ஒரு மாதமாக அப்படியே பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் கையுறையைக் கழற்றி ரோமத்துக்குள் விரலை விட்டாள். விலா எலும்புகள் வரிசையாகத் தட்டுப்பட்டன.

ஸ்கீமாவின் தாய் பதினெட்டு வருடம் ஸ்டெய்னாவை முதுகில் சுமந்தவள். செப்டம்பரில் வயிற்றுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டாள். மிச்சம் இந்த ஏழு மாதக் குட்டிதான். இதையும் பறிகொடுத்தால் தாங்க முடியாது என்று ஸ்டெய்னாவுக்குத் தெரியும்.

குட்டி ஏன் இளைத்தாள் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் வேலியோரம் நின்றதே போதுமாக இருந்தது. கருப்பன் என்று ஒரு போக்கிரி, ஒன்றரை வயதுக் குதிரை. ஸ்கீமா புல்லுருண்டையை நெருங்கினாலே காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு துரத்தினான். மற்ற ஒன்பது குதிரைகளும் தங்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாள் பனிப்புயல் என்று வானொலியில் வேறு சொல்லியிருந்தார்கள்.

ஸ்டெய்னா குட்டியை லாயத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். தம்பி ஒர்ரி கதவருகே நின்றிருந்தான்.

"குட்டிய உள்ள கட்டப் போறியா? இதெல்லாம் வெளியில வளரணும்க்கா. அப்பா இருந்தா சிரிச்சிருப்பார்."

"அப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. கதவத் திறடா."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் புல் போட்டது போட்டபடி கிடந்தது. குட்டி இரவெல்லாம் சுவரோரம் நடந்திருக்கிறாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. நனைந்த ரோமத்தோடு வெளியே விட்டால் குளிரில் விறைத்துப்போவாள். தனியாக உள்ளே வைத்தாலோ ஒரு வாய் தின்னமாட்டாள். குதிரையைக் கூட்டத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் ஸ்டெய்னா. சொந்தக் குட்டி என்றதும் பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

கோணிப்பையால் குட்டியைத் துடைத்துக்கொண்டே, "துணைக்கு ஒண்ணு வேணும்டா," என்றாள்.

"கிழட்டுக் குதிரைய கொண்டு வரவா? அவ சாது."

"வேண்டாம். புயல்ல மத்ததெல்லாம் அவ பின்னாடிதான் பாறை மறைவுக்குப் போகும். அவ இல்லாட்டி சிதறிடும். நீ கருப்பனப் பிடிச்சிட்டு வா."

ஒர்ரி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மூளை கலங்கிடுச்சா உனக்கு? பட்டினி போட்டவனையே பக்கத்துல கட்டுறேங்குற."

"கூட்டத்துலதான் அவன் ரவுடி. தனியா வந்தா பயந்தாங்கொள்ளி. குளம்பு வெட்டுனப்ப பார்த்தல்ல?"

"பார்க்காம? என் பூட்ஸ் மேலயே மூத்திரம் போனான்."

நடுவில் ஒரு பலகை வைத்துக் கருப்பனை உள்ளே விட்டார்கள். லாயத்துக்குள் அதுவரை கால் வைக்காதவன், நடுங்கிப்போய் மெல்லக் கனைத்தான். ஸ்கீமா நடையை நிறுத்தினாள். பலகைக்கு மேல் மூக்கை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் பலகைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக நின்று தின்ன ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஸ்டெய்னா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

புயல் சொன்னபடியே வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கும் லாயத்துக்கும் போய்வர முடிந்தது. இரண்டாம் நாள் பலகையை எடுத்தார்கள். கருப்பன் துரத்தவில்லை. ஸ்கீமா ஓரடி நகர்ந்தாலும் ஒட்டிக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள் மதியம் காற்று அடங்கியது. சிந்திக் கிடந்த புல்லைக் கூட்டிவிட ஒர்ரி குனிந்து ஸ்கீமாவின் புல்தொட்டியில் கை வைத்தான். ஸ்கீமா காதைப் பின்னுக்கு மடக்கினாள். கருப்பன் பின்வாங்கினான். ஒர்ரிக்குப் பின்வாங்கத் தோன்றவில்லை.

"கடிச்சுட்டாக்கா," என்றான் கையை உதறிக்கொண்டு.

"எங்க, காட்டு."

சட்டைக்கையைச் சுருட்டினான். முழங்கைக்குக் கீழே வரிசையாகப் பல் பதிந்து, ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. ஸ்டெய்னா அதைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"எனக்கு வலிக்குது, நீ அழுவுற," என்றான் ஒர்ரி.

"தன் சோத்த விட்டுக்குடுக்கலடா அவ," என்றாள் ஸ்டெய்னா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் புல் போடு."