பட்டைமீனும் இரண்டு பிள்ளைகளும்

கோட்டைப்பட்டினத்தில் யாக்கூப் முதலாளியின் ஜவுளிக்கடைக்குத் துணி எடுக்க வந்தவர்களைவிட மீன் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். கொழும்பில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, அவரும் மேசை நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி செய்து வைத்திருந்தார். அதற்குக் காலையும் மாலையும் கடல்தண்ணீர் சுமந்து வந்து மாற்றுகிற வேலை ஞானமணிக்கு. மீன் பிடிக்கிற வீட்டில் வாக்கப்பட்டு மீனுக்கே தண்ணீர் சுமக்கிற பிழைப்பைப் பாரேன் என்று தன்னையே கேலி செய்துகொள்வாள். புருஷன் கடலோடு போய்ப் பதினாறு வருஷம். வாய் மட்டும் இல்லாவிட்டால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

தொட்டியில் ஒரு பட்டைமீன் இருந்தது. உள்ளங்கை அகலம்தான், உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை. கடலடிப் பவளப் பாரிலிருந்து எடுத்துவந்து போட்ட கல் ஒன்றின் பொந்தைத் தன் வீடென்று பிடித்துக்கொண்டு, புதிதாக எதை விட்டாலும் வாலைக் கடித்து, மூலைக்கு விரட்டி, இரண்டு நாளில் சாகடித்துவிடும். “அடப்பாவி, இம்புட்டுத் தண்ணியில ஒனக்கு இன்னும் எவ்வளவுடா வேணும்?” என்று ஞானமணி ஏசுவாள். ஏசிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். அவள் வீட்டுக் கதையும் அதுதானே.

மூத்தவன் அடைக்கலம் பதினாலு வயதில் அப்பனுக்குப் பதிலாக வள்ளம் ஏறியவன். வீட்டுக்குக் கூரை போட்டது, தம்பியைப் பத்தாவது வரை படிக்கவைத்தது, எல்லாம் அவன் உழைப்பு. அதனாலேயே அவன் வைத்ததுதான் சட்டம். தம்பி மரியசெல்வம் நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம். அண்ணன்தானே, பொறுத்துப் போ என்று அவளும் சின்னவனிடம் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினாள். ஒருநாள் மூத்தவன் துடுப்பால் அடித்ததில் சின்னவனின் மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே பஸ் ஏறித் திருமயம் போய், ஒரு ரைஸ்மில்லில் சேர்ந்துவிட்டான். போய் இரண்டு வருஷம். இரண்டு பிள்ளைகளும் ஒரு கூரையின்கீழ் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு எப்போது போனாலும் சரி என்பதுதான் அவளுடைய ஒரே நினைப்பு.

அந்த வைகாசியில் முதலாளி ஒரு காரியம் செய்தார். பட்டைமீனைப் பிடித்து ஒரு மண்தொட்டியில் தனியாக விட்டார். கண்ணாடித் தொட்டிக் கற்களையெல்லாம் இடம் மாற்றி, திருப்பிப் போட்டு, ஒரு மஞ்சள் மீனை உள்ளே விட்டார். ஐந்து நாள் கழித்துப் பட்டைமீனைத் திரும்ப விட்டால், அது தன் பொந்தைத் தேடித்தேடிச் சுற்றியது. காணவில்லை. மஞ்சள் மீனை அது சீண்டவே இல்லை.

“பழைய எடம் இருந்தாத்தானே அதிகாரம்? இப்ப பட்டைமீனுதான் விருந்தாளி, ஞானமணி” என்றார் முதலாளி.

ஞானமணி வெறுங்குடத்தோடு அரைமணி நேரம் அங்கேயே நின்றாள்.

மறுவாரமே வேலையைத் தொடங்கினாள். இலுப்பூரில் தன் தம்பி காய்ச்சலில் கிடப்பதாக ஒரு பொய்யைச் சொல்லி, அடைக்கலத்தைக் கருவாட்டு மூட்டையோடு அனுப்பிவைத்தாள். சின்னவனை ஆள்விட்டு வரவழைத்தாள். மூத்தவனின் கட்டில் கிடந்த இடத்தில் சின்னவனின் டிரங்குப் பெட்டி வந்தது. வலைகள் கொல்லைக் கொட்டகைக்குப் போயின. கட்டிலை அடுப்பங்கரை ஓரமாகத் திருப்பிப் போட்டாள். அண்ணனுக்குத் தெரியுமா என்று மரியசெல்வம் கேட்டபோது, நீ பேசாமல் சோற்றைத் தின்னு என்றாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அடைக்கலம் வந்தான். தோளில் ஒரு மூட்டை கடலை, ஆத்தாவுக்குப் பிடிக்குமென்று. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடைக்கலம் வாசற்படியிலேயே நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அவள் நினைத்தபடியே விருந்தாளியாகத்தான் நின்றான். கோபத்தைக் காணோம். முகம்தான் செத்துப்போயிருந்தது.

“மாமன் கெணறு வெட்டிக்கிட்டு இருக்காரு, ஆத்தா. காய்ச்ச ஒண்ணுமில்ல. நாலு நாளா நானும் கூட நின்னு மண்ணு அள்ளிட்டு வாரேன்.”

மூட்டையை வாங்க ஞானமணி நீட்டிய கையை அவன் பார்க்கவில்லை.

“நான் இங்கிட்டு இருக்க வேணாம்னா, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

இரண்டு பேரும் சேர்ந்திருக்க வேண்டுமென்றுதானடா செய்தேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டான். மீனுக்குத் தொட்டியை விட்டுப் போக வழி கிடையாது. மனுஷனுக்கு அறந்தாங்கி பஸ் இருக்கிறதே! பாவி மகளுக்கு அது தோன்றவே இல்லை.

மரியசெல்வம் எச்சில் கையோடு பின்னாலேயே ஓடினான். வெகுநேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தான். அவர் நிற்கவில்லை ஆத்தா, பஸ் ஏறிவிட்டார் என்றான். ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“‘ஆத்தாவப் பாத்துக்க, தம்பி’ன்னாரு.”

பிறந்ததிலிருந்து அடைக்கலம் அவனை டேய் என்று கூப்பிட்டுத்தான் அவள் கேட்டிருக்கிறாள். ஞானமணி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.