மேகமா, அத்தானா?

கலர்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது ஒரு பட்டனைத் தட்டுகிற வேலை என்று எவன் முதலில் கிளப்பிவிட்டானோ, அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பான் ஸ்டுடியோக்காரன். கடைக்கு வருகிற ஆளெல்லாம் இதையேதான் சொல்கிறார்கள். "கலரை எடுத்துட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்குண்ணே ரெண்டு நாளு?" என்று வாசலில் நின்றபடியே கேட்பார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தெருவில் தனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருப்பது அவனுக்கும் தெரியும். வைத்துவிட்டுப் போகட்டும்.

இந்த முறை பட்டன் கதையோடு வந்தது அவனுடைய சொந்த அக்கா.

"புது வீட்டு ஹாலுக்கு ஒரு படம் வேணும்டா. நாம எல்லாரும் மலைக்குப் போனப்ப ஒண்ணு எடுத்தியே, அதைப் பெருசா போட்டுக் கொடு. கறுப்பு வெள்ளையில."

"ஏன், கலருக்கு என்ன கேடு?"

"சுவரு மஞ்சள்டா. உங்க அத்தான் பாத்துப் பாத்து அடிச்ச மஞ்சள். எந்தக் கலரை மாட்டினாலும் சண்டைக்கு நிக்குது. நீ ஒரு பட்டனைத் தட்டினா ஆச்சு."

பட்டன் என்ற வார்த்தைக்கு வந்த கோபத்தை, அத்தான் என்ற வார்த்தை அமுக்கிவிட்டது. அவனும் அத்தானும் பேசி இரண்டு வருஷமாகிறது. எல்லாம் அந்த மலைக்குப் போன நாளின் கைங்கரியம்தான். மேகம் கூடி வரட்டும் என்று அவன் மதியத்திலிருந்து கேமராவோடு தவம் கிடந்தான். குடும்பமே பசியோடு வண்டிக்குள் வெந்துகொண்டிருந்தது. ஒரு வழியாக ஒரு படம் அமைந்தது. அடுத்த இடத்துக்கு ஓடினால் மிச்ச வெளிச்சத்தையும் பிடிக்கலாம் என்று பார்த்தால், அத்தானைக் காணோம். எங்கேயோ போயிருந்த மனுஷன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது வெளிச்சம் போயே போய்விட்டது. "ரசனை கெட்ட ஜென்மத்தையெல்லாம் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டான். அத்தான் வண்டியில் ஏறிக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் கிடந்து மாட்டிக்கொண்டு முழித்தது அக்காதான். புது வீட்டுக்குக்கூட அவன் இன்னும் போகவில்லை. சொந்த அக்கா வீட்டு வாசல்படி எப்படி இருக்கும் என்றே தெரியாது என்பது எவ்வளவு பெரிய கொடுமை! அதை வெளியில் சொல்ல வீம்பு விடவில்லை.

அதனால் படத்தை உயிரைக் கொடுத்துச் செய்தான். நிறத்தை எடுத்தால் எல்லாம் சாம்பல் நிறம்தான், ஆனால் எந்த நிறம் எவ்வளவு வெளுத்த சாம்பல், எவ்வளவு இருண்ட சாம்பல் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். திரையில் ஒவ்வொரு நிறத்தையும் ஏற்றி இறக்க ஒரு ஸ்லைடர் இருக்கிறது. நீலத்தை இறக்கினான், வானம் இருண்டது, மேகம் திரண்டு முன்னால் வந்தது. மேகத்தின் அடிவயிற்றில் மாலைச் சிவப்பு இருந்தது. அதைக் கூட்டினால் மேகமே வெளிறிச் சப்பென்று ஆகிவிடும் என்பதால் சிவப்பையும் நன்றாக இறக்கினான். அப்பாடா, மேகம் என்றால் அதுவல்லவா மேகம்! கீழே இருந்த பச்சைச் சரிவை ஓரக்கண்ணால் பார்த்தான். ஒரு பிசிறு இல்லாமல் ஒரே சீராகக் கிடந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். அச்சடித்து, சட்டம் போட்டு, வண்டியில் அனுப்பிவைத்தான்.

மறுநாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். பாராட்டப் போகிறாள் என்று இவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"உனக்கு இவ்வளவு வன்மம் ஆகாதுடா."

"என்னக்கா?"

"அவரை எதுக்குடா படத்துலேர்ந்து எடுத்த?"

"எவரை?"

"எவரையா? நல்லா நடிக்கிறே. உங்க அத்தானை! அவர் அதுல நிக்கிறார்னுதானே நான் அந்தப் படத்தையே கேட்டேன். 'தம்பியே உங்க படத்தைப் போட்டுத் தர்றான், பழசை மறந்துடுங்க'ன்னு அவர்கிட்ட சொல்லியும் வச்சேன். மனுஷன் ஆசையா ஸ்டூல் மேல ஏறி ஆணி அடிச்சார்டா. படத்தைத் தூக்கிப் பாத்தார். அடிச்ச ஆணியைப் புடுங்கிட்டு இறங்கிட்டார். இனிமே என் வீட்டுப் பக்கம் வராதே."

போன் வைக்கப்பட்டது. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பழைய கலர்ப் படத்தைத் திறந்து, மேகத்தை விட்டுவிட்டுக் கீழே தேடினான். இடது ஓரத்தில், பச்சைச் சரிவின் நடுவில், மிளகாய் விதை அளவுக்கு ஒரு சிவப்பு. பெரிதாக்கினான். சட்டை. சட்டைக்கு மேல் வழுக்கை. சந்தேகமே இல்லை, சாட்சாத் அத்தான்தான். எத்தனை தடவை பார்த்த படம்! ஒரு நாளாவது மேகத்தை விட்டுக் கண்ணைக் கீழே இறக்கியிருந்தால்தானே? சிவப்பை இறக்கியதும் சட்டையின் சாம்பலும் பச்சையின் சாம்பலும் ஒன்றாகி, ஆள் சரிவுக்குள்ளேயே கரைந்துவிட்டார். பளார் என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னான்.

"கதை விடாதேடா. ஒரு பட்டனைத் தட்டினா ஆளே காணாமப் போவாங்களா?"

"பட்டன் இல்லக்கா! தலைப்பாடா அடிச்சுக்கிறேனே, பட்டன் இல்ல!"

கேட்டால்தானே. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கதவைத் திறந்தது அத்தான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தார். ஹால் மஞ்சள் உண்மையிலேயே கண்ணைக் குத்தியது. அதைச் சொல்லாமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

மேசையில் லேப்டாப்பை வைத்தான். "அந்த ஆளை மட்டும் தனியா வெளுப்பாக்கித் தர்றது எனக்கு ஒரு நிமிஷ வேலை. செஞ்சா, வெட்டி எடுத்து இப்ப ஒட்டிட்டேன்னு சொல்வீங்க. ஒண்ணையும் தொடமாட்டேன். இந்தச் சிவப்பை மட்டும் ஏத்தறேன். நீங்களே பாருங்க."

ஏற்றினான். வெறும் சரிவில் வெள்ளையாக ஒரு ஆள் முளைத்தார். இறக்கினான், காணோம். ஏற்றினான், வந்தார்.

"அட!" என்றாள் அக்கா.

அத்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். மௌஸைத் தானே வாங்கி ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நீ எடுக்கல போலிருக்கு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"எடுக்கலங்கிறதைத்தானே அப்பலேர்ந்து..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். சிவப்பு மேலே இருந்தது. வெள்ளையாகத் தெரிந்த ஆள் சும்மா நிற்கவில்லை. ஒரு கையை நீட்டி, நடு ரோட்டில் போலீஸ்காரர் வண்டியை மறிப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"கையை எதுக்கு இப்படி நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

அத்தான், அக்கா முழங்கையால் இடித்த பிறகுதான் சொன்னார். "அந்தப் பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை வருது, மாப்ள. ஒரு பெரிய கும்பல் குடையும் கூச்சலுமா இறங்கி வந்துச்சு. அப்பதான் உனக்கு மேகம் கூடியிருந்தது. இவங்க நடுவுல வந்தா படம் கெட்டுப்போயிடும்னு ஓடிப்போய் மறிச்சு வச்சேன். நானே உள்ள வந்துடுவேன்னு தோணல. அந்த ஆளுங்க என்னைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமில்ல. அவங்களைச் சமாதானம் பண்ணி அனுப்பிட்டுத் திரும்பி வந்தா, இங்க நீ."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது, வழக்கம்போல. "இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, அத்தான்!"

"நீ எங்கப்பா பேச விட்ட?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயையோ, மேகமெல்லாம் வெளிறிப்போச்சேடா" என்றாள்.

உண்மைதான். சிவப்பு ஏறியதில் அவன் அன்று மதியத்திலிருந்து காத்துக் கிடந்த மேகம் தடமே இல்லாமல் வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது.

"கொஞ்சம் இறக்கு மாப்ள, நான் லேசா தெரிஞ்சா போதும்" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தான் ஸ்டுடியோக்காரன். சிவப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.