ஒதுக்கி வைத்த பாதி

அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு மூட்டை மக்காச்சோள விதை. முளைத்தது கருகிப்போனால் மறுபடி விதைக்க வழியில்லை. அதனால்தான் மாலை வகுப்பில் படித்ததைச் சொன்னேன். விதையை உப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, முளை விடுவதற்குள் எடுத்து, நிழலில் பழையபடி காயவைத்து விதைத்தால் நாற்று வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் நான் கரைத்த உப்பின் அளவில் தவறு இருந்தால்? பாதியை மட்டும் தொட்டியில் ஊறப் போட்டேன். மீதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாக்கிலேயே கட்டி வைத்தேன். காலையில் வடிகட்டிவிடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, விடியுமுன்பே தையல் ஆலைக்குப் போனேன்.

மாலை திரும்பியபோது சாக்கு காலி. தொட்டி நிறைய விதை.

"என்னக்கா, வடிகட்டலையா?"

"பாதிக்கு மட்டும் பலம் குடுத்தா மத்தது என்ன பாவம் பண்ணுச்சு? காலையில அதையும் கொட்டிட்டேன். எல்லாம் சேர்ந்து நல்லா ஊறட்டுமேன்னு விட்டுட்டேன்."

கைவிட்டு அள்ளினேன். பல விதைகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. முளைவிட்டதைக் காயவைத்தால் செத்துவிடும். ஈரமண்ணில் உடனே ஊன்றியாக வேண்டும். ஈரமண்ணுக்கு எங்கே போவது?

"விஞ்ஞானி மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றபடி வந்தார் மாமா, அக்காவின் கணவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. மூவரும் தரையில் உட்கார்ந்து, முளைத்தது ஒரு பக்கம் முளைக்காதது ஒரு பக்கம் என்று பிரித்தோம். எனக்குக் கண் எரிந்தது.

"எறும்புக்குப் பல்லு பார்க்கிற வேலைடா இது," என்றார் மாமா.

"பேசாம பாருங்க. முளைக்காத பக்கம் நீங்க தள்ளுறது பூரா முளைச்சது," என்றாள் அக்கா.

மறுநாள் முளைத்ததைக் கிணற்றை ஒட்டி ஊன்றிக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தோம். மற்றதைக் கூடத்தில் பரப்பிக் காயவைத்து, முதல் மழைக்கு விதைத்தோம். அதோடு மழை எங்களை மறந்துவிட்டது. கிணறு வற்றியதும் அதை ஒட்டி ஊன்றியவை கருகின. மற்றவை பகலில் இலை சுருண்டு, சாயங்காலம் விரிந்து, எப்படியோ நின்றன.

"பாத்தியா, உன் உப்புத் தண்ணி வேலை செஞ்சிருக்கு."

"தெரியலக்கா. ஊறவைக்காத விதையும் இப்படியே நின்னிருக்குமோ என்னவோ. பக்கத்துல வச்சுப் பார்க்க ஒண்ணுமில்லையே."

அக்கா களைக்கொத்தை மண்ணில் ஊன்றி நிமிர்ந்தாள்.

"பார்க்கிறதுக்குன்னு ஒரு பாதியச் சாக விடணுமா? அது யார் வீட்டுப் பாதிடா?"

இன்னும் ஒரு மழை வேண்டும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அவள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். நானும் குனிந்தேன்.