ஒரிஜினல் டப்பா

"நெஜமாவே வளந்தியாம்மா நீ?"

சேவூர் டவுன் பஸ்ஸில் ஒரு அம்மாள் செல்போனை நீட்டி சூர்யகலாவிடம் இப்படிக் கேட்டிருந்தாள். போனில் சூர்யகலாவின் படம் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் குள்ளமாக இருந்தாள், அடுத்ததில் நாலு அங்குலம் கூடுதலாக. கீழே மஞ்சள் எழுத்தில் 'குரோத் ஹார்மோன் பவுடர், ஆறே மாதத்தில் அதிசயம்' என்றிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்த அண்ணன் தனசேகரன் முந்திக்கொண்டான். என் கண்ணு முன்னாடி வளந்ததுங்க இது என்றான். அந்த அம்மாள் பூங்காவனம். அவள் மகன் துரை போலீஸ் செலக்‌ஷனில் உயரம் போதாமல் திரும்பி வந்தவன். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் டப்பா கைமாறிவிட்டது.

சூர்யகலா அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, முள்ளிப்பட்டு வீட்டில் தறியில் உட்கார்ந்தவள் அவள். பேசினால் என்ன கிடைக்கும் என்பது தெரிந்தவள். முன்பு படத்துக்கு நிற்க மாட்டேன் என்று சொன்னபோது தனசேகரன் குறுக்கிழை ஓட்டும் தறிநாடாவை எடுத்து அவள் முகத்தில் வீசினான். இரும்பு மூக்கு வைத்த நாடா. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. காயம் ஆறியதும் நின்றாள்.

நீளவாக்கில் கட்டிய இழையான பாவு ஒன்று முடிந்து தறி காலியாகக் கிடந்த நாள் பார்த்து அவன் படம் எடுத்தான். நெய்கிறவர் கால் விடும் குழிக்குள் செங்கல் அடுக்கி, தரைக்கு நாலு அங்குலம் கீழே அவளை நிறுத்தினான். பின்சுவரில் அளவு டேப்பை ஒட்டினான். முழங்காலுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம். உடுப்பை மாற்றச் சொல்லி, தரையில் நிறுத்தி இன்னொன்று. அந்தப் பொடி அவள் நாக்கில்கூடப் பட்டதில்லை. தறி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அவன் டப்பா விற்கவில்லை. வயற்காட்டுப் பக்கமாகப் பார்த்தே விற்றான்.

துரை வந்தது சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம். சூர்யகலாவின் அம்மா ஆரணிக்குப் போயிருந்தாள். சூர்யகலா குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்தாள். தனசேகரன் தறியோரம் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். துரை செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான். முகம் ஊதிப்போயிருந்தது. கண் இரண்டும் கீறல் மாதிரி. கைவிரல்கள் வெந்த கிழங்குபோல வீங்கியிருந்தன.

அவன் பேச்சில் தொடங்கவில்லை. தனசேகரனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தறித்தூணில் மோதினான். அந்த அதிர்வு பாவு வழியாக ஓடிவந்து சூர்யகலாவின் விரல் நுனியில் தெரிந்தது. இரண்டாம் முறை மோதியபோது பல் ஒன்று தெறித்துப் பச்சைப் பட்டின்மேல் விழுந்தது. அதைச் சுற்றி ரத்தம் ஊறிப் பரவியது. எழுந்து ஓடவும் அவளால் முடியவில்லை. கால் குழிக்குள், மடிக்கு மேலே நெய்த துணி சுற்றும் படமரம்.

என் நம்பரை ஏன் பிளாக் பண்ணினாய் என்று கேட்டுக் கேட்டுக் குத்தினான் துரை. வேலூர் டாக்டர் இந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், நிறுத்தாவிட்டால் கிட்னி போய்விடும் என்றாராம். இந்த வயதில் எலும்பின் நுனி மூடிவிடும், எதைத் தின்றாலும் வளராது என்றாராம். சூர்யகலாவின் படத்தைக் காட்டி, அப்போ இது எப்படி சார் என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான். அடுத்த செலக்‌ஷன் நெருங்கிவிட்டது.

"எனக்கு டூப்ளிகேட்ட குடுத்து ஏமாத்திகினு கீற நீ. உன் தங்கச்சிக்குக் குடுத்தியே ஒரிஜினலு, அது எங்கடா?"

தனசேகரன் வாயில் நிரம்பிய ரத்தத்தைத் துப்பினான். அந்தக் கேள்வியில் அவனுக்கு வழி கிடைத்துவிட்டது.

"கீது தம்பி. நாளைக்கே வந்துடும். டபுள் டோஸா போடு, விட்டதயும் சேத்துப் புடிச்சிடலாம்."

துரையின் பிடி தளர்ந்தது. வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்தது. அத்தனை அடியையும்விட அந்தச் சிரிப்புதான் சூர்யகலாவைப் பயமுறுத்தியது. நாளை டப்பா வந்தால் இவன் தின்பான். தின்றே சாவான்.

"ஒரிஜினல்னு ஒண்ணு இல்லண்ணா," என்றாள் துரையிடம். "நான் அத தின்னதே இல்ல."

தனசேகரன் மூலையில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்து அவள் தோளில் இறக்கினான். மூச்சு நின்று வந்தது. துரை தடுப்பான் என்று நினைத்தாள். அவன் சுவரோடு ஒதுங்கி நின்றான்.

"பொய் சொல்லுது. நான் வளந்தா இதுக்கு இன்னா வயித்தெரிச்சலு? போடுண்ணா இன்னும் ரெண்டு."

இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. அவள் படமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துரையைப் பார்த்துப் பேசினாள். அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

"போன எடுத்துப் பாரு. பின்னாடி அச்சுல, அந்தச் சீப்பு மாதிரி கீதே, அதுல இழை தொங்குது பாரு. ரெண்டு படத்துலயும் அரக்குக் கலர்தான? பாவு முடிஞ்சா நுனிய மட்டும் அச்சுல உட்டு வெப்போம், புதுப் பாவ அதுல பிணைக்க. மறுநாளே பிணைச்சிடுவோம். அதுக்கப்பறம் நீலம் போட்டோம், இப்ப பச்ச. ஆறு மாசம் கழிச்சி எடுத்த படத்துல அதே அரக்கு எப்டிண்ணா தொங்கும்? ரெண்டும் ஒரே நாளு. மொதல்ல என்ன இந்தக் குழியில எறக்கி நிக்க வெச்சான்."

கட்டை மறுபடி இறங்கியது. படமரத்தின்மேல் இருந்த அவள் கையில் விழுந்தது. சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

துரை போனைத் திறந்தான். தடித்த விரலால் படத்தைப் பெரிதாக்கினான், நகர்த்தினான், அடுத்ததைப் பெரிதாக்கினான். பிறகு குழியையும் அதில் இருந்தவளையும் பார்த்தான்.

தனசேகரன், தம்பி அவ கிடக்கறா என்று ஆரம்பித்தான். துரை அவன் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி முழங்காலில் ஒரே போடு போட்டான். அலறிக்கொண்டு தனசேகரன் பாவின்மேல் சாய்ந்தான். நூற்றுக்கணக்கான இழைகள் பட்பட்டென்று அறுந்தன. துரை தலையைக் குறிவைத்துக் கட்டையை மறுபடி ஓங்கினான். சூர்யகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கட்டை தரையில் கிடந்தது. தனசேகரன் அறுந்த பட்டுக்குள் புரண்டு முனகிக்கொண்டிருந்தான். துரை சுவரில் முதுகை ஒட்டி நேராக நின்றிருந்தான், அளவெடுக்க நிற்கிறவனைப்போல. குதிகால் தரையில் படிந்திருந்தது.

"வளர வேற வழி எதனா கீதா?" என்று சின்னக் குரலில் கேட்டான்.

ஒடிந்த விரலைப் புடவை நுனியில் சுற்றிக்கொண்டே அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் சுவரை விட்டு விலகினான். தனசேகரனைத் தாண்டி, அவளைத் தாண்டி வெளியே போனான்.