எடை கூடிய கல்

மூன்று வாரமாக எங்கள் ஆய்வகத் தராசோடு மல்லுக்கட்டினேன். சரிபார்க்கும் எடைக்கல்லை வைத்தால் தினமும் இம்மியளவு கூடுதலாகவே காட்டியது. "பாழாப்போன மெஷின்!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பழுதுபார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, தராசில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்தக் கல்லை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் பட்டால் பிசுக்கு ஒட்டி எடை ஏறிவிடும். பக்கத்து மேசைத் தோழியிடம் கேட்டேன்.

"நீ கையால தொட்டியாடி?"

"சேச்சே! இத்தனை வருஷமா இதே வேலைல இருக்கேன், நான் போய்த் தொடுவேனா?"

நம்பினேன்.

இன்று மேலாளர் கூப்பிட்டார். "உங்க கை நடுங்குதாமே? உங்க ஃப்ரெண்டு சொல்லி ரொம்ப வருத்தப்பட்டாங்க. இனிமே எடை போடுறத அவங்களே பாத்துக்கட்டும்."

கல்லை அவளிடம் ஒப்படைக்கப் பெட்டியைத் திறந்தேன். எப்போதும் முகக்கவசத்தோடு திறக்கிற பெட்டி. இன்று இருந்த ஆத்திரத்தில் அதை மாட்ட மறந்திருந்தேன். குப்பென்று லாவெண்டர் வாசம்.

ரசாயனம் பட்டு அவள் கை வெடித்துப்போகிறதே என்று, அவள் பிறந்தநாளுக்கு நான் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக்கொடுத்த கிரீம்.