சந்தை மூடிய பிறகு

டிவி நிலையத்தின் ஒப்பனைக்காரர் அவள் நெற்றியில் பவுடரை ஒற்றிவிட்டுப் போனார். பக்கத்து நாற்காலியில், காளை என்று பெயர் வாங்கிய தரகர். கை நீட்டினால் தொடும் தூரம். இத்தனை பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு வாதாடுவது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

தொற்றுக் காலத்தில் இந்த விவாதமெல்லாம் அவளுடைய சமையலறையிலிருந்துதான் நடந்தது. வீட்டில் அங்கேதான் இணையம் ஒழுங்காகக் கிடைத்தது. பின்னால் பாத்திரங்கள் தெரியாதபடி கணவர் போர்வையைக் கட்டுவார். நிகழ்ச்சி முடியும்வரை அடுப்புப் பக்கம் யாரும் வரக் கூடாது. பங்குச் சந்தை விழும் என்றே சொல்லிவந்த, பொருளாதாரப் பேராசிரியையான அவளுக்குப் பார்வையாளர்கள் கரடி என்று பெயர் வைத்தார்கள். ஏறும் என்று சாதித்த பங்குத் தரகர் காளை ஆனார்.

"கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு. பங்கு மட்டும் எப்படி சார் ஏறும்?"

"சந்தை இன்னைக்கு நடக்கிறதைப் பார்க்காது மேடம். அடுத்த வருஷத்தைப் பார்க்கும்."

"அப்போ அதுவரைக்கும் எல்லாரையும் சாப்பிடாம இருக்கச் சொல்லுங்க."

திரையில் ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழிப்பார்கள். நெறியாளர் போன பிறகும் இணைப்பைத் துண்டிக்க இருவருக்கும் மனம் வராது. தானே முடி வெட்டிக்கொண்டு எலி கரண்டியது போலிருந்த தலையை அவர் குனிந்து காட்டுவார். வெளியாள் ஒருவரோடு சிரித்துப் பேசுவதே அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு மாலை அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து இணைப்பில் வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது. நிகழ்ச்சி தொடங்குமுன் அவளிடம் மட்டும் சொன்னார்.

"என் வீட்டுக்காரி உள்ளே ஆக்சிஜன்ல இருக்கா. என்னை விடமாட்டேங்கறாங்க. சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிடும். அதான் பேச வந்துட்டேன்."

அன்று சந்தை ஏறியிருந்தது. அவரை மடக்குவதற்கு, வேலை இழந்தவர்களின் விவரம் அவள் கையில் தயாராக இருந்தது.

"எல்லாம் பழையபடி திரும்பி வந்துடும்," என்றார் அவர். "வரும்னு நம்பித்தானே ஆகணும்." குரல் உடைந்தது. பார்த்தவர்கள் இணையக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

நெறியாளர் அவளிடம் திரும்பினார். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னைக்கு அவர் சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது."

கரடிக்குப் பல் கொட்டிவிட்டது என்று ஊரே கேலி செய்தது. துறைத்தலைவர் வேறு போன் போட்டு, "நீங்களே கட்சி மாறினா எப்படிம்மா?" என்றார். அவள் காரணம் சொல்லவில்லை.

சில வாரம் கழித்துக் காளையின் எண்ணிலிருந்து, மூச்சு வாங்க ஒரு பெண் பேசினாள். "நீங்கதானா அந்தக் கரடி? நான் வீட்டுக்கு வந்துட்டேன். இனிமே இவருக்குப் பாவம் பார்க்காதீங்க. நல்லா கேளுங்க." பேராசிரியை கையிலிருந்த கரண்டியோடு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அந்தத் தொற்றுக் காலத்தை நல்ல காலம் என்று சொன்னால் எல்லாரும் அடிக்க வருவார்கள். ஆனாலும் இப்போது நிகழ்ச்சி முடிந்ததும் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவரவர் கிளம்பிவிடுவது அவளுக்கு என்னவோ போலிருந்தது. இன்றைக்கு விவாதம் முடிந்து, நிலையத்தின் வரவேற்பறையில் இருவருமே வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"நல்லா நடக்கிறா. மாடிப்படி ஏறத்தான் சிரமம்."

சுவரில் மாட்டிய டிவியில் சற்றுமுன் பதிவான அவர்களுடைய விவாதமே ஒலியில்லாமல் ஓடியது. அதில் அவள் விரலை ஆட்டினாள். அவர் மேசையைத் தட்டினார்.

"என்ன சொல்றேன் நான்?" என்று கேட்டார்.

"தெரியல சார். ஆனா நீங்கதான் ஜெயிக்கிற மாதிரி இருக்கு."

வாசலில் ஒரு வண்டி வந்து நின்று விளக்கைச் சிமிட்டியது. யாருடையது என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.